ஷட்டருக்குள் சோளத்தட்டு வாசம்

ஆடி 12, செவ்வாய்

காத்து. விடிஞ்சதுல இருந்து ஒரே காத்து. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஷெட்டு மேல தகரம் தடதடன்னு அடிச்சுக்குது. பைபாஸ் ரோட்டு மண்ணு பூரா என் வாயில.

வாங்க வேண்டியது: தேங்கா, கற்பூரம், இவருக்குச் சுகர் மாத்திரை, புதுக் கையுறை (பழசுல கட்டைவிரல் எட்டிப் பாக்குது).

நாமக்கல் லாரி ஒண்ணு நிக்குது. பின்கதவு அடியெல்லாம் துரு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம். எல்லாத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் வேணும், மத்த கிழமையெல்லாம் செத்துப் போச்சாட்ட இருக்குது.

காத்து வீசுனா எங்க மெஷின்ல வேலை ஓடாது. பத்த வெக்கிற எடத்தைச் சுத்தி கேஸ் நிக்கணும். காத்துல அது பறந்துட்டா வெல்டிங் பூரா பொத்தல் பொத்தலா விழுந்துரும். அதனால ஷட்டரை இறக்கி, ஃபேனையும் நிறுத்தியாச்சு. ஆடி மாசம் பூரா எங்க பொழப்பு இப்படித்தான். இவரு வெல்டிங் வெப்பாரு, நான் தகடு புடிப்பேன்.

பக்கத்துப் பஞ்சர் கடை பழனிசாமி அண்ணனுக்கு இதைப் பாத்து ஒரே கேலி. "ஏனுங்க, புதுசாக் கண்ணாலம் ஆனவங்களாட்டப் பகல்லயே கதவைச் சாத்திக்கிறீங்க?"

"ஆடியில புதுப் பொண்ணு மாப்ளையப் பிரிச்சில்லண்ணா வெப்பாங்க. நாங்க பழசு"ன்னேன். பஞ்சர் ஒட்டப் போயிட்டாரு.

கிரீஸ் கழுவறதுக்கு இவரு புதுசா ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கியாந்திருக்காரு. ஆயில் கடையில குடுத்தாங்களாம். தீயே புடிக்காதாம். மண்ணெண்ணெயில தொடைச்சா காயற வரைக்கும் உக்காந்திருக்கோணும். இதுக்கு அந்தப் பயம் இல்லைன்னு அடிச்ச ஈரம் போகறதுக்குள்ளயே வெல்டிங் வெச்சுட்டாரு.

மத்தியானம் ஒரு வாசம். பச்சையா அறுத்துப் போட்ட சோளத்தட்டு வாசம்.

இவரு முகமூடியத் தூக்கிட்டு மூக்கை உறிஞ்சறாரு. "அம்மிணி, உனக்கு வருதா?"

வந்துச்சு. எங்கிருந்து வருதுன்னுதான் தெரியல. சுத்தி லாரி, டயரு, டீசல். மழையில்லாம புல்லு பூண்டு கூடக் கருகிக் கெடக்குது. வெளிய போயி மோந்து பாத்தேன். வெளிய இல்ல. உள்ளதான்.

ஆடி 13, புதன்

காத்து நிக்கல. ஷட்டர் இறக்கித்தான்.

ட்யூப் லைட்டுக்குப் பின்னால குடியிருந்த பல்லி செத்து இவரு தோள் மேல விழுந்துச்சு. காலண்டர்ல பல்லி விழும் பலன் தேடுனேன். வலது தோளுக்குப் போட்டிருக்குது, இடது தோளுக்குப் போட்டிருக்குது. செத்த பல்லி விழுந்தா என்னன்னு ஒருத்தனும் போடல.

மறுபடி அதே வாசம். இன்னைக்கு நேத்தை விட அதிகம். ஒண்ணு கவனிச்சேன். இவரு வெல்டிங் டார்ச்சை அமுத்தி அந்த நீல வெளிச்சம் வந்தாத்தான் வாசம் வருது. நிறுத்துனா மெதுவ்வா அடங்குது. அப்பறம் வெளிச்சம், அப்பறம் வாசம். யாரோ பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டுப் போறாப்ல. மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

பழனிசாமி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுனேன். உள்ள ஒரு எட்டு வெச்சவரு வெச்ச காலைப் பின்னால எடுத்துட்டாரு.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? இந்த எடம் முந்தி சோளக்களமுங்க. தட்டுப்போரு சரிஞ்சு ஒரு பொம்பள அடியில மாட்டிக்கிட்டா. தோண்டி எடுக்கறதுக்குள்ள மூச்சடைச்சுப் போயிட்டா. எங்கய்யன் சொல்லுவாரு."

இத்தனை வருசம் சொல்லாம இன்னைக்குத்தான் சொல்லோணுமா இந்த மனுசன்!

இவரு சிரிக்கிறாரு. "நல்ல வாசமாத்தான வர்றா. வெளிச்சத்தைப் பாக்க வர்றா. பாத்துட்டுப் போகட்டும் உடு."

எனக்கு மனசு கேக்கல. தேங்கா ஒடச்சு, கற்பூரம் பத்த வெச்சு, ஷெட்டு நாலு மூலைக்கும் காட்டுனேன். "தாயே, எங்களை ஒண்ணும் பண்ணிப்போடாத"ன்னு வேண்டிக்கிட்டேன். அப்பறம் ஷட்டரை மறுபடி இறக்கிட்டோம்.

கண்ணு எரிஞ்சுது. நான் டீ வாங்கற சாக்குல வெளிய போயிட்டேன். இவரு உள்ளயே இருந்து கதவோட அடிப்பட்டையை முடிச்சாரு. வெளிய வந்ததும் பீடி பத்த வெச்சாரு, ஒரு இழுப்புல தூக்கிப் போட்டுட்டாரு. கசக்குதாம். பீடி கசக்குதுன்னு இவரு சொல்லி நான் கேட்டதே இல்ல.

லேசா இருமல். சாயங்காலம் அதுவும் நின்னு போச்சு. தோசை நல்லாத் தின்னாரு. சட்னியில உப்பில்லைன்னு சண்டை வேற. சண்டை புடிக்கறாருன்னா நல்லாருக்காருன்னு அர்த்தம். வேண்டுதல் பலிச்சுதுன்னு நெனச்சேன்.

ஆடி 14, வியாழன்

சேலம். ஆஸ்பத்திரி. பையில இந்த நோட்டு இருந்துச்சு. எழுதாட்டிப் பைத்தியம் புடிச்சுரும்.

காலையில பல்லு வெளக்கப் போனவரு கெணத்து மேட்டுலயே உக்காந்துட்டாரு. மூச்சு இழுக்குது. வாயில நுரை, லேசா ரோஸ் கலர்ல. "மாமா, மாமா"ன்னு கத்தறேன், கண்ணு மட்டும் என்னையப் பாக்குது. பழனிசாமி அண்ணன் வண்டியிலதான் தூக்கிப் போட்டுட்டு வந்தோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. நேத்து என்ன வேலை, எங்க, எதுல கழுவுனீங்கன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க. ஸ்ப்ரேன்னதும் பேனாவைக் கீழ வெச்சாங்க.

"அந்த ஸ்ப்ரேயோட ஆவி மேல வெல்டிங் வெளிச்சம் பட்டா விஷ வாயுவா மாறும்மா. அறுத்த புல்லு மாதிரி ஒரு வாசம் வரும். வந்துச்சா?"

எனக்குக் கண்ணு முன்னால அந்த நீல வெளிச்சம்தான் நின்னுச்சு.

"வந்துச்சாம்மா?"

"கற்பூரம் காட்டுனோமுங்க"ன்னேன். அதுக்கு மேல அழுகைதான். மூடிக் கெடந்த ஷட்டரைத் தூக்கி உட்டிருந்தாப் போதும். நான் கற்பூரத்தைத் தூக்கிட்டுச் சுத்தியிருக்கேன். என் புத்தியச் செருப்பால அடிக்கோணும்.

டாக்டரம்மா திட்டல. மொதல்ல கண்ணு எரியுமாம், இருமல் வருமாம். அப்பறம் ஒண்ணுமே தெரியாதாம், நல்லா இருக்கறாப்லயே இருக்குமாம். அந்த நேரத்துலதான் நுரையீரல்ல தண்ணி கோத்துக்குமாம். நேத்து இவரு தோசை தின்னு சண்டை புடிச்சப்ப உள்ள தண்ணி ஏறிக்கிட்டு இருந்திருக்குது. நான் சட்னிக்கு உப்புப் போட்டுட்டு இருந்திருக்கேன்.

"வேலை செய்யறப்ப அவரு கூட யார் இருந்தா?"

"யாருமில்லீங்க. நாந்தான்."

அவங்க என்னையப் பாத்தாங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்கன்னேன். கேக்கல. எக்ஸ்ரே எடுத்தாங்க. லேசா நெழலு தெரியுதாம். சக்கர நாற்காலியில வெச்சுப் பொம்பளைங்க வார்டுக்குத் தள்ளிட்டு வந்துட்டாங்க. இவரு ஐசியூவுல.

ஆடி 15, வெள்ளி

மூக்குல குழாய். காத்து குளுகுளுன்னு வருது.

எந்திரிக்கக் கூடாது. நடக்கக் கூடாது. பாத்ரூமுக்குக் கூடத் தள்ளிட்டுத்தான் போவாங்களாம். நடந்தா, ஓடுனா, அழுதா நெஞ்சுல தண்ணி ஏறுமாம். அழாம எப்படி இருக்கறதுன்னு கேட்டேன்.

ஐசியூ இதே மாடிதான். வராந்தா அந்தக் கடைசியில. இங்கிருந்து கதவு தெரியுது, அது தொறக்கும்போதெல்லாம் உள்ள மெஷின் கத்தறது கேக்குது. போக முடியாது. நேத்து ராத்திரி பூரா அந்தக் கதவையே பாத்துட்டுப் படுத்திருந்தேன்.

லாரிக்காரரு போன். வண்டி ரெடிங்களான்னு. வண்டியில இடி விழன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். பாவம், அவரு என்ன பண்ணுவாரு.

இட்லி வந்துச்சு. தொடல.

அப்பறம் நர்ஸ் புள்ள வந்துச்சு. ஆத்தூர்ப் பக்கமாம், சிரிச்ச மொகம். "அக்கா, உங்க வீட்டுக்காரர் கண்ணு முழிச்சிட்டாரு. நல்லா இருக்காரு. மாஸ்க்கைத் தள்ளிட்டு உங்களைத்தான் கேட்டாரு."

அட சாமி! படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் புள்ள கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

"நான் இங்க படுத்திருக்கறதைச் சொன்னியா சாமி?"

"ஐயோ, அதைச் சொல்வாங்களாக்கா? எந்திரிச்சு ஓடி வந்துருவாரு. அவரு அசையக் கூடாதுல்ல? நீங்க வீட்ல நல்லா இருக்கீங்க, மத்தியானம் சாப்பாடு கொண்டு வர்றீங்கன்னு சொல்லி வச்சிருக்கோம்."

கெட்டிக்காரப் புள்ள. இட்லி ஒண்ணரை தின்னேன். நல்லா எறங்குச்சு. தண்ணி குடிச்சேன். கண்ணை மூடுனேன்.

நானும்தான் அசையக் கூடாது.

அவருக்கு அப்படிச் சொல்லி வெச்சவங்க எனக்கு என்ன சொல்லி வெச்சிருப்பாங்க?

அந்தப் புள்ள வராந்தாவுல பாதி தூரம் போயிருச்சு. "சாமி, நெசமாவா?"ன்னு கத்துனேன். இருமல் வந்துருச்சு. அங்கயே நின்னு திரும்பிப் பாத்துச்சு. சிரிச்சுக்கிட்டே ஆமான்னு தலையை ஆட்டுச்சு.