பிளஸ் எந்தப் பக்கம்

மாலி கோதுமைப் பண்ணை, 2 மே 1991

டேரிலுக்கு,

தொலைபேசியில் உன் குரலைக் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஈஸ்டருக்கு வந்து நம் பழைய லாரியை ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தாயே, நீ கிளம்பிப் போன அதே வாரத்தில் அது படுத்துவிட்டது. முதலில் புகை நாற்றம். இப்போது ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் கிழட்டு ஆடு இருமுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மெர்வ் கையில் ஒருநாளும் மக்கர் பண்ணாத வண்டி.

அவருக்கு நினைவு போய்க்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். சில நாள் என் பெயர்கூட வருவதில்லை. மர்ரே பிரிட்ஜ் முதியோர் விடுதியில் கட்டில் காலியானதும் கூட்டிப் போய்விடுவார்கள். அதற்குள் வேலியோரமாக ஒரு சுற்று அவர் லாரியை ஓட்டிவிட வேண்டும். கண் விழித்ததும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்.

அறுவடை நடுவில் என் மகள் ஜாய்ஸை விட்டுப் போனவன் நீ. அன்றைக்கு நீ போட்டிருந்த நீலச் சட்டையைத் தைத்தது நான். தொட்டதைப் பாதியில் விடுவது உனக்குப் புதிதல்ல.

லினா ஷிர்மர்

வயாலா, 9 மே

அத்தைக்கு,

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் புறப்பட்டபோது லாரி ஒரே அழுத்தில் கிளம்பியது. மாமா உள்ளே உட்கார்ந்து சிரித்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

பேட்டரியைப் பாருங்கள். பழைய முறையில் பிளஸ் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும். நான் மாற்றிய பிறகு மைனஸ்தான் சட்டத்துக்குப் போக வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டர் கருகும், புகை வரும், பிறகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. யாராவது வயரைக் கழற்றி மாட்டினார்களா?

உருக்காலையில் ஆள் பற்றாக்குறை. இந்த மாதம் லீவு கிடையாது என்றுவிட்டார்கள்.

டேரில்

மாலி, 16 மே

டேரிலுக்கு,

அத்தை என்று எழுதும் உரிமையையும் ஜாய்ஸோடு சேர்த்துத்தான் விட்டுப் போனாய்.

எலி வயரைக் கடித்து எரிந்துபோன ஷெட் எத்தனை பார்த்திருக்கிறோம். சாயங்காலம் பேட்டரி வயரைக் கழற்றுவதும் காலையில் மாட்டுவதும் இந்தப் பக்கத்து வழக்கம். உனக்கும் மெர்வ்தான் சொல்லிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அவர் பின்னாலேயே போனேன். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டிய மனுஷன், ஸ்பேனரை எடுத்து, விரல் நடுங்காமல், பேட்டரியைத் திருப்பி வைத்து, பிளஸைச் சட்டத்து வயரில் மாட்டினார்.

"எவனோ மாத்தி மாட்டிட்டுப் போயிருக்கான், லினா. நல்லவேளை, நான் பாத்தேன்" என்றார்.

என் பெயரைச் சொன்னார், டேரில்.

இப்போதெல்லாம் மைனஸ்தான் அந்தப் பக்கம் என்றேன்.

"உனக்கு லாரியப் பத்தி என்னடி தெரியும்?"

கல்யாணமான புதிதில் சிரித்த அதே சிரிப்பு.

ஜாய்ஸ் ஸ்பேனரை ஒளித்துவைக்கச் சொன்னாள். மறுநாள் ஒளித்தேன். ஷெட் முழுக்கத் தேடிவிட்டு, மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்து அழுதார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். நான் என்ன செய்யட்டும், சொல்.

லினா ஷிர்மர்

வயாலா, 22 மே

அத்தைக்கு,

கை பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர் மாமாவிடமே இருக்கட்டும். அவர் வயரைக் கழற்றிய பிறகு, ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிற தடித்த வயரை மட்டும் நீங்கள் கழற்றுங்கள். நுனியில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். பேட்டரியை விடியும்வரை சார்ஜரில் போடுங்கள். அதன்பின் பிளஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் எஞ்சின் கிளம்பும். ஓடும்போது சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். வேலியோரம் ஒரு சுற்றுக்கு அது போதும்.

காலையில் மாமாவே மாட்டட்டும்.

டேரில்

மாலி, 30 மே

டேரில்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டில் திங்கட்கிழமையே காலியாகிவிட்டது, அன்றே அவரைக் கூட்டிப் போய்விட்டோம்.

காரில் ஏறுமுன் லாரியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். அதே இருமல். "பேட்டரி கொஞ்சம் வீக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். ஜாய்ஸ் அவருக்குக் காரில் சீட் பெல்ட் மாட்டிவிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். பக்கத்துப் பண்ணையில் சார்ஜர் வாங்கி வந்தேன். இன்று காலை, பிளஸை அவர் மாட்டுகிற பக்கமே மாட்டினேன்.

ஒரே அழுத்தில் கிளம்பியது.

எனக்கு ஓட்டத் தெரியாது. கிளட்ச் எது என்றுகூட அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு. சுற்றி வந்து, நான் எப்போதும் உட்காருகிற சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

லீவு கிடைத்தால் வா. ஓட்ட ஆள் வேண்டும். விடுதியில் அவர் படுக்கை சாலைப் பக்கத்து ஜன்னலோரம்தான். அவருக்குக் கேட்குமா, கேட்டாலும் நம் லாரிதான் என்று தெரியுமா என்று என்னைக் கேட்காதே. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பழையதை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த நீலச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு வராதே.

சாயங்காலமாகிவிட்டது. வயரைக் கழற்றப் போகிறேன்.

அத்தை