பல்லில் கடித்துப் பார்த்த நெல்

தை 21, திங்கள். பனி.

இப்போதுதான் கற்ற எழுத்து, கோணல்தான், மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? நோட்டிடம்தான். எழுபத்தொரு வயது வரை மண்வெட்டி பிடித்த கை, பேனாவையும் அப்படியே பிடிக்கிறது. இரண்டு வரி முடிவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் என்ன சந்தோஷம்! நேற்று பஸ்ஸில் ‘திருவையாறு’ என்று நானே படித்து ஏறினேன்.

சம்பா முற்றிவிட்டது. ஒரு மணியைக் கடித்தேன். டக்கென்று உடைந்தது.

டீக்கடையில் அடுத்த வயல் கலியபெருமாள் (முழுப் பெயர் எழுதினால் கை வலிக்கிறது, இனி க.பெ.): “சித்தப்பா, அறுப்பு மிஷின் சனிக்கிழமை வரைக்கும்தான் நம்ம ஊர்ல நிக்குமாம். நாளைக்கே விட்டுடலாமா?”

“இன்னும் பச்சை இருக்குடா. நாலு நாள் போவட்டும்.”

ஏன் சொன்னேன்?

“சித்தப்பா பல்லு சொன்னா சரிதான்” என்று தன் வயலுக்கும் மிஷின் வேண்டாம் என்றுவிட்டான்.

தை 22, செவ்வாய். மப்பு.

காலை வயல். வேலை ஒன்றுமில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பெண்டாட்டி அஞ்சம்மா போய்ச் சேர்ந்து ஆறு மாதம். ஓர் ஆழாக்கு அரிசி வடித்தேன், அதிலும் மிச்சம்.

அறுப்பை ஒத்திப்போட என்ன காரணம்? எழுதிப் பார்த்தேன்.

1. நெல் பச்சை. (பொய்.)
2. பனி ஈரம். (பத்து மணிக்குக் காய்ந்துவிடும்.)
3.

மூன்று போட்டேன். எழுதவில்லை.

திருப்பூரிலிருந்து மகள் போன். “எல்லாரும் அறுக்குறாங்கல்ல. நீங்களும் அறுத்துட்டு இங்க வந்து இருங்கப்பா.” அறுத்துவிட்டு என்றதும் சிக்னல் இல்லை என்றேன். அதுவும் பொய்.

தை 24, வியாழன். கிழக்கே கறுப்பு.

சுற்றிலும் எல்லா வயலும் அறுத்த தாள். நடுவே என்னுடையதும் க.பெ.யுடையதும் மட்டும் நிற்கின்றன. ஊர் எலியெல்லாம் இங்கேதான். வரப்பில் புது வளை, நான்கு.

கதிரை விலக்கிப் பார்த்தேன். போன வாரம் எல்லோரும் தெளித்தார்கள் என்று நானும் நெல்லுக்கு அடியில், ஈரத்தில், அடுத்த பயிருக்கு உளுந்து விதை தெளித்திருந்தேன். நெல்லை எடுத்தால்தான் அதற்கு வெயில். முளைத்து, வெளிச்சம் தேடி, வெளுத்து நூல் மாதிரி நீண்டு கிடக்கிறது. க.பெ. வயலிலும் அதே கதி. மழை வந்தால் நெல்லும் சாய்ந்துவிடும். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

மூன்றாவதை எழுதிவிட்டேன்.

3. அறுத்துவிட்டால் காலையில் எங்கே போவது.

தை 25, வெள்ளி. தூறல். நின்றுவிட்டது.

க.பெ. வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

“நெல்லு திங்கக்கிழமையே முத்திடுச்சுடா. பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும் சித்தப்பா. நானும் கடிச்சுப் பாத்தேன்.”

“பின்ன ஏன்டா மிஷின வேணாம்ன?”

“டீக்கடையில அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிட்டீங்க. உங்க பல்ல எப்படி மறுத்துப் பேசுறது?”

உள்ளேயிருந்து அவன் மனைவி: “நல்லாருக்கு! ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே ரெண்டு பேரும் உளுந்தக் கொன்னுருப்பீங்க.”

எல்லோரும் சிரித்தோம். ஏன் பொய் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தை 26, சனி. நல்ல வெயில்.

மிஷின். இரண்டு வயலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தன. ஐந்து மாதப் பயிர்.

தை 28, திங்கள். பனி.

வழக்கமான நேரத்துக்கு விழிப்பு. போக இடமில்லை என்று படுத்திருந்தேன். பிறகு கால் தானாக அங்கேயே போனது.

மிஷினின் சங்கிலிச் சக்கரம் ஏறிய இடத்தில் உளுந்து நசுங்கிப் போயிருந்தது. மற்ற இடத்தில் இரண்டிரண்டு இலை, வெளிர் மஞ்சள். வெயில் பட்டதும் சிலது தலை தூக்கியிருக்கிறது. குனிந்து குனிந்து எண்ணினேன். நாற்பதுக்கு மேல் இடுப்பு விடவில்லை.

அடுத்த திங்கள் பச்சை பிடித்ததா என்று பார்த்து எழுத வேண்டும். பிடிக்காவிட்டாலும் எழுத வேண்டும்.