ஒயின் அலமாரிச் சீட்டுகள்

அன்புள்ள பிலோமிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உன் இடுப்புவலி குறைந்ததா? பிள்ளை இருமாமல் தூங்குகிறாளா?

கைப்பேசி முதலாளியிடம் இருக்கிறது, அதனால்தான் கடிதம். மலேசியாவில் நான் வேலைக்கு வந்த இந்தப் பூச்சோங் வீட்டில் நாளைக்குக் கிறிஸ்மஸ் விருந்து. எந்தக் கறிக்கு எந்த ஒயின் என்று எடுத்துவைப்பதும் சமையல்காரன் வேலையாம். எனக்கு என்ன தெரியும்? நல்லவேளையாக, எனக்கு முன்பிருந்த சேவியர் அண்ணன் அலமாரித் தட்டுகளில் தமிழில் சீட்டு ஒட்டியிருந்தார்: மீனுக்கு, வாத்துக்கு, ஆட்டுக்கறிக்கு.

"அவர் ஊருக்குப் போயிட்டாரா பாஸ்?" என்று கேட்டேன்.

"ஓடிட்டான் லா. நீ வேலையப் பாரு," என்றார் முதலாளி லியோனல்.

ஓடினவரின் மூக்குக்கண்ணாடி இன்னும் என் கட்டிலடியில் கிடக்கிறது.

தட்டைத் துடைக்கும்போது ஆட்டுக்கறிச் சீட்டு உரிந்துவந்தது. பின்பக்கம், "தம்பி, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்காதே" என்று எழுதியிருந்தார். முதலாளிக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. சீட்டைப் பழையபடி ஒட்டிவிட்டேன்.

நீ பயப்படாதே. கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. நம் வீட்டுப் பெட்டியில் என் பாஸ்போர்ட் நகல் இருக்கும், அதைப் பங்குச்சாமியாரிடம் கொடுத்து வை.

தபாலில் போட பக்கத்து வீட்டு டிரைவர் காத்திருக்கிறார், முடிக்கிறேன். சீட்டைப் பார்க்கும் முன்பே, நேற்று, முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டுவிட்டேன். "விருந்து முடியட்டும் லா," என்று சிரித்தார்.

உன்
அருளப்பன்