முப்பத்தொன்பது தென்னையும் என் இடது கண்ணும்

சுசீந்திரம்
கொல்லம் 1128 மாசி 20

அன்பு மகள் தாணம்மாளுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. தாணுமாலயன் தயவில் நானும் அம்மையும் நன்றாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மானத்துக்குத்தான் கொஞ்சம் சேதம், அதைக் கீழே எழுதுகிறேன். மதராஸ் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து விடுதிச் சாப்பாடு வாய்க்கு வழங்குகிறதா என்று தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி. கும்பப்பூ அறுப்பு முடிந்தது, நெல் மோசமில்லை.

நீயும் மருமகன் சுயம்புவும் விலகுவதற்குப் பத்திரம் எழுத, போன வெள்ளிக்கிழமை இரணியலில் அவன் வீட்டில் கூடினோம். வக்கீல் குமஸ்தா குமாரதாஸ் நடுவில் உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் வேண்டாம், விட்டால் போதும் என்று நீ எழுதியிருந்தாய், ஆனால் எட்டு வருஷம் அந்த வீட்டில் பாடுபட்டவள் வெறுங்கையோடு வருவதா என்று நான்தான் வரிந்துகட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். உன் பாத்திரங்களை அடையாளம் பார்க்க அம்மையும் கூட வந்தாள். முதலில் தென்னை. நிலம் அவன் குடும்பத்தது, அதில் நமக்குப் பேச்சில்லை. நிலம் யாருடையதானாலும் கன்று வைத்து வளர்த்தவருக்கு மரத்தின் மதிப்பில் பங்கு உண்டு என்று குழிக்கூறு பார்ப்பது நம் பக்கத்து வழக்கம்தானே, குழி தோண்டியது அவன், குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது நீ, ஆளுக்குப் பாதி என்றேன். யாரையும் நம்பாமல் நானே சுண்ணாம்புக் கலயத்தோடு இறங்கி, மரத்துக்கு ஒரு பொட்டு வைத்து, நாற்பத்திரண்டு என்று ஊர் கேட்க அறிவித்தேன். பக்கத்துத் தோப்புக்கார ஞானையன் எட்டிப் பார்த்து, அண்ணாச்சி, அந்த மூணும் எனக்கதாக்கும், பொட்ட அழிச்சிட்டுப் போவும் என்றார். வேலியைத் தாண்டி அவர் தோப்பில் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஈரத்துணி வாங்கி நானே துடைத்தேன். கடைசியில் முப்பத்தொன்பது, மரம் பன்னிரண்டு ரூபாய், உன் பாதி இருநூற்று முப்பத்துநாலு. சுயம்பு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். அடுத்தது கடன். ஜவுளிக்கடைக்கு வாங்கிய நானூறு, கடை அவனுக்கே போவதால் அவன் தலையில். மீதி முந்நூறு ரூபாய்க்கு ஒரு புரோநோட்டு, அதில் உங்கள் இருவர் கையெழுத்தும் இருக்கிறது, பாதி தாணம்மாளுக்கு என்றார் குமாரதாஸ். எனக்கு வந்தது பார் கோபம். தின்றவன் எவனோ அவன் கொடுக்கட்டும், என் மகள் ஏன் கொடுக்கவேண்டும் என்று எழுந்து நின்று கத்தினேன். சுயம்பு தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கத்தினேன். உள்ளே பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்த உன் அம்மை கதவுப்பக்கம் வந்து, அது ஒங்க இடது கண்ணுக்கு வாங்குன ரூவால்லா, போரும், இரியுங்க என்றாள்.

ஐந்து வருஷத்துக்கு முன் நான் படலம் எடுக்கத் திருவனந்தபுரம் போனபோது, கடையில் சும்மா கிடந்த பணம் என்று சொல்லித்தான் அவன் கொடுத்தான். மருமகன் கடை அப்படி ஓடுகிறது என்று தேரடியில் நின்று நான் அடித்த பெருமை கொஞ்சமா. வட்டிக்கு வாங்கியது என்று நீ அம்மையிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறாய். நீயும் அவனும் ஒத்துப்போய்ச் செய்த ஒரே காரியம் என்னை ஏமாற்றியதுதான் போலிருக்கிறது. நீங்கள் வாங்கித் தந்த கண்ணாலேயே அவனை அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். குமாரதாஸ் சிரிப்பை மறைக்க வெற்றிலைச் செல்லத்தைத் தேடினார். முந்நூறையும் வட்டியையும் என் பேரில் எழுதும், இந்தப் பூ நெல்லில் பாதி, அடுத்த கன்னிப்பூ அறுப்பில் மீதி தருகிறேன் என்றேன். சுயம்பு அப்போதுதான் வாயைத் திறந்து, நம்ம வீட்டுக் காரியத்துக்கு வாங்கினதுல்லா மாமா, கெடக்கட்டும் என்றான். விலகுகிற நேரத்திலும் நம்ம வீடு என்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது மக்கா. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம். ஆனாலும் விடவில்லை, என் பேரில்தான் எழுதவைத்தேன்.

இதைச் சொல்லி உன்னைத் திரும்பப் போகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்த்துப் பேசாமல் மூன்று வருஷம் கழித்தவள் நீ, அந்தக் கஷ்டம் உனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை பார்க்கப் போன அன்று நான் அவர்கள் வயலைப் பார்த்தேன், கிணற்றைப் பார்த்தேன், உழவுமாட்டின் பல்லைக்கூடப் பிடித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து உனக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பத்திரத்தின் நகல் இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. நிதானமாக வாசி, பிடிக்காத வரியை அடித்துவிடு, பத்திரமே வேண்டாம் என்றாலும் சரிதான். இதற்கு உனக்குச் சம்மதமா தாணம்மா?

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெயிலில் போகாதே. சம்பளத்தை யாருக்கும் கைமாற்றுக் கொடுக்காதே, சொல்கிற ஆளைப் பார் என்று நீ சிரிப்பது தெரிகிறது. எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருப்பாய், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு என்றும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. மதராஸ் போன நாள் முதல் நீ கடிதம் போடுவதெல்லாம் அம்மை பெயருக்குத்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், அது உனக்கும் தெரியும். இந்தப் பதிலை மட்டும் என் பெயருக்குப் போடு.

உன் அப்பா
நாராயணபெருமாள்