ஓரம்வரை பிடிக்கும் லென்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா காவலில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று கொழும்பில் ஒரு கல்யாண வீடு. பெண்ணின் அறை நம் தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பரா அளவுதான். உள்ளே சொந்தக்காரர்கள் நிறைந்திருந்ததால் மற்றக் கெமராக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் மிரர்லெஸ் கெமராவில் அகலமாகப் பிடிக்கும் சினிமா லென்சை மாட்டி, சுவரோடு ஒட்டி நின்று வீடியோ எடுத்தேன். ஓரத்தில் நின்றவர்கள்கூட முழுசாக விழுந்திருக்கிறார்கள்!

“எல்லாரையும் எப்படிப்பா அடக்கின?” என்றார் வீடியோவைப் பார்த்த எங்கள் ஸ்டூடியோ முதலாளி.

“ஒரே காம்பராவுல எட்டுப் பேரு படுத்து வளந்தவன் சார்.”

இனிக் கல்யாணங்களில் முதன்மைக் கெமரா எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் ரொட்டி தட்டும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். ஒரு வீடியோவில் பின்னணியில் சேர்க்க வேண்டும்; வேலைக்குத்தான்.

அடுத்த கல்யாணத்துக்குப் போக வண்டி வந்துவிட்டது. ஈஸ்டருக்குப் பொகவந்தலாவை வீட்டுக்கு அந்த லென்சோடு வருகிறேன். எல்லாப் படத்திலும் ஓரமாக ஒதுங்கி, பாதி முகத்தோடு நிற்பீர்களே, இனி தப்ப முடியாது.

உங்கள் ஜூலியன்