பெல்ட் இல்லாத விசிறிகள்

பிப்ரவரி 4

நான்காம் மாடியிலிருந்து இன்றும் புகார். ஜன்னலோரம் விறைக்கிறது, நடுவில் புழுங்குகிறது. கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு, திட்டும் எனக்குத்தான். கீழே இயந்திரங்கள் ஓடும் பிளாண்ட் ரூமுக்குப் போனேன். அவர், மாடிகளுக்குக் காற்றைத் தள்ளும் ஒரு புளோயருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கரி. வீட்டில் கணவர், இங்கே என் கீழ் வேலை பார்க்கும் ஆபரேட்டர். இரண்டையும் கலக்காமல் இருக்க எப்படியோ பழகிவிட்டோம்.

“கிழவனுக்குக் கைத்தடி மாத்தற மாதிரிதான் இது!” என்று கத்தினார். பக்கத்து புளோயர் ஓடும்போது கத்தினால்தான் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டிலும் அதே கத்தல்தான்; உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வருவார்.

வெயில் காலத்துக்குக் குளிர்காற்று, பனிக்காலத்துக்குச் சூடான காற்று, எதைத் தள்ளினாலும் இந்தப் பழைய புளோயர்களுக்கு ஒரே வேகம். கட்டடம் காலியாகக் கிடந்தாலும் அதே வேகம். எவ்வளவு மின்சாரம் வீண்! இதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 19

மேனேஜரிடம் பேசினேன். வாயைத் திறந்தாலே “சுருக்கமா சொல்லுங்கம்மா” என்பார். அதனால் எங்களுக்குள் அவர் பெயர் ‘சுருக்கம்’.

“புது விசிறில பெல்ட் கிடையாது சார். மோட்டார் விசிறிக்குள்ளயே இருக்கும். ஒரு பெரிய புளோயருக்குப் பதிலா ஆறு சின்ன விசிறி. கட்டடத்துல ஆள் குறைஞ்சா வேகமும் தானா குறையும். வேகம் பாதியானா கரண்ட் எட்டுல ஒரு பங்கு போதும்.”

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். நானே கேட்டுவிட்டேன், “ஆபரேட்டர்களை எடுத்துட மாட்டீங்களே சார்?”

“சேச்சே! யாரும்மா அப்படிச் சொன்னது?”

நம்பினேன்.

பிப்ரவரி 27

புது விசிறிக்காக நானும் என் கணவரும் மாடி மாடியாகக் காற்றின் அளவு எடுத்தோம். நான் கருவியைப் பிடித்தேன், அவர் ஏணியைப் பிடித்தார். “விழுந்துடாத, அப்புறம் எனக்கு யாரு அதிகாரி?” என்றார். நன்றாகச் சிரித்தோம்.

ஏப்ரல் 12

புது விசிறிகள் ஓடத் தொடங்கின. பழையதைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அவர் பழக்கதோஷத்தில் “வந்துட்டியா!” என்று கத்த, எலக்ட்ரீஷியன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. அங்கே இப்போது அவ்வளவு அமைதி.

மே 9

கரண்ட் பில் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. கூட்டத்தில் எனக்குக் கைதட்டல். சுருக்கம் எழுந்து வந்து கைகுலுக்கினார். “அடுத்து ஆள் செலவையும் பார்த்துடலாம்” என்றார்.

அதற்கும் கைதட்டினார்கள்.

மே 16

எழுதவே கை வரவில்லை.

ஆபரேட்டர்கள் மூவரும் இனி வேண்டாம் என்கிறார் சுருக்கம். “அதுபாட்டுக்கு ஓடுது. பாத்துக்கிட்டு நிக்க ஒரு ஆளாம்மா? ஆள் பக்கத்துல இருக்க வேண்டியதில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?” ஆமாம், எழுதினேன். விசிறியின் பெருமையாக எழுதினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

“உங்க ஆளுங்க. நீங்க சொல்றதுதான் முறை.”

மற்ற இருவருக்கும் முதலில் சொன்னேன். கடைசியாக அவரிடம் போனேன். மெதுவாகத்தான் சொன்னேன். “என்ன?” என்று காதைத் திருப்பினார். கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை — கத்தினேன். என் புருஷனிடம், எல்லார் காதிலும் விழ, உங்களுக்கு இனிமே இங்க வேலை இல்லைன்னு கத்தினேன். கடவுளே, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கக் கூடாதா?

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “சரிங்க மேடம்” என்றார்.

மே 17

“நானும் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்” என்றேன்.

“ரெண்டு பேரும் உக்காந்து சுவரையா திங்கறது? பொண்ணு படிக்கணும். போ, வேலைக்கு நேரமாச்சு.”

போனேன். போயிருக்கக் கூடாதோ?

ஜூன் 8

அவர் இன்றும் என்னிடம் பேசவில்லை.

ஜூன் 30

வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் விசிறி மாற்றிவிட்டார்களாம், இல்லையென்றால் மாற்றப் போகிறார்களாம். அவர் இதைச் சொன்னது மகளிடம். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “அம்மாமேல கோவமாப்பா?” என்று அவள் கேட்டாள். “கோவம் இருந்தாத்தான் சண்டை போட்டுத் தீத்துக்கலாமே” என்றார்.

சண்டையாவது போடுங்களேன். ஏதாவது எடுத்து வீசுங்களேன்.

ஜூலை 21

ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். அங்கே ஒரு பழைய துணி மில்லில் இன்னும் பெல்ட் புளோயர்தானாம். கூப்பிட்டிருக்கிறார்கள். தங்க அறையும் தருவார்களாம். பெட்டியை அவரே அடுக்கிக்கொண்டார். நான் மடித்துக் கொடுத்த சட்டையைப் பிரித்து, தன் மாதிரி மடித்து வைத்தார்.

ஸ்டேஷனில் மகள் அழுதாள். நான் அழவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவது?

செப்டம்பர் 3

போன் வந்தால் மகளிடம் பேசுகிறார். “அம்மா நல்லா இருக்காளா?” என்று கேட்பாராம். “நல்லா இருக்காங்க” என்கிறாள். வளர்ந்துவிட்டாள், பொய் சொல்லத் தெரிகிறது.

அக்டோபர் 14

பதவி உயர்வு. இன்னும் இரண்டு கட்டடங்களில் விசிறி மாற்ற வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். “நன்றி சார்” என்றுதான் வந்தது.

நவம்பர் 22

இரண்டு நாள் லீவில் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். இளைத்திருக்கிறார். செருப்பை வாசலிலேயே ஓரமாக விட்டார். துண்டு எங்கே இருக்கும் என்று மகளிடம் கேட்டார். அது வழக்கமாக இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

சாப்பிட்டார். “நல்லா இருக்கு” என்றார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து என் சாப்பாட்டை அவர் இப்படி மரியாதையாகப் பாராட்டியதில்லை.

பிறகு கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். சூடாகச் சாப்பிட்டதில் வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்விட்ச் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான். என்னைப் பார்த்தார்.

“ஃபேன் போட்டுக்கட்டுமா?” என்று கேட்டார்.

“போட்டுக்குங்க” என்றேன்.