மேல் பலகையில் பெட்ரோல் டின்

1959 அக்டோபர் 20, செவ்வாய்

தப்பு என்னோடதுதான்.

ஆயுத பூஜையிலிருந்து என் மோட்டார் படகு இன்ஜின்ல கார்புரேட்டர் பெட்ரோல் நிரம்பி வழிஞ்சுகிட்டே இருந்தது. மெக்கானிக் காசிம் பாய் அதுக்குள்ள பெட்ரோலை அடைக்கிற ஊசியை மாத்தினார். ஊசியைத் தூக்கிக் குடுக்கிற மிதவையைத் தண்ணியில அமுக்கிப் பார்த்தார், ஓட்டை இல்லை. "பெட்ரோல் டின்னைக் கீழ இறக்கிப் பார்க்கலாமா முதலாளி?"ன்னார். இன்ஜினுக்குக் குழாய் போற அந்த டின்னைப் பூஜைக்கு நான்தான் மேல் பலகையில ஏத்திப் பொட்டு வெச்சிருந்தேன். திரும்பக் கால் படற இடத்துல வைக்க மனசு வரலை. "பூஜை போட்டது, நீங்க கை வைக்காதீங்க"ன்னுட்டேன்.

நேத்து உப்பளத்துல படகுகிட்ட நாலு பேர் எதிர்ல, "இத்தனை வருஷமா என்னத்தைத்தான் கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டேன். தன் ஸ்பானரைத் துடைச்சுப் பலகையில வெச்சுட்டு நடந்து போயிட்டார்.

இன்னிக்கு நானே டின்னை இறக்கினேன். அவ்வளவு உயரத்திலிருந்து அழுத்தமா இறங்கின பெட்ரோலைத்தான் ஊசியால தடுக்க முடியலை. இப்ப ஒரு சொட்டு வழியலை.

சாப்பிட்டேன். என்ன குழம்புன்னு ஞாபகமில்லை.

சாயங்காலம் நெல்லித்தோப்புல காசிம் பாய் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். சைக்கிளை விட்டு இறங்கலை, அப்படியே திரும்பிட்டேன். ஸ்பானரைக் குடுக்க வந்தேன்னாவது சொல்லியிருக்கலாம். பையிலதான் இருந்தது.